கடைசி வரியில் எழுதியதுதான் முக்கியம்

அணியில் நடுக்களத்தில் ஆடும் நீங்கள், களைப்பையும் குறைந்த நாடித்துடிப்பையும் கண் இமை துடிப்பதையும் பார்த்து, இதயத்தில் கோளாறோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இதயத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்ததில்லை என்கிறீர்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52 என்பது தினமும் ஓடுகிறவர்களிடம் சாதாரணம். கண் இமை துடிப்பதை மறந்துவிடுங்கள். இணையத்தில் படித்துப் பயந்த 'அட்ரினல் சோர்வு', அதாவது அட்ரினல் சுரப்பி களைத்துப்போவதாகச் சொல்லப்படுவது, மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோயே இல்லை.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை, போட்டி நேரத்தில் அது வசதியாகவும் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அதுதான். 19 வயதில், சீராக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றாலே காரணத்தைத் தேடியாக வேண்டும்.

நடுக்களத்தில் ஆடுகிறவர் ஒரே ஆட்டத்தில் 10 கிலோமீட்டர் வரை ஓடுவார். நீங்கள் வாரம் ஆறு நாள் பயிற்சிக்கு மேல் தனியாகவும் ஓடுகிறீர்கள். எடை குறைய இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டீர்கள். ஓடிச் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடல் எதையாவது நிறுத்தித்தான் சமாளிக்கும். மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன்கள் அப்படித்தான் அடங்கிப்போகின்றன. உங்களை வாட்டும் களைப்பும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது. அவற்றில் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால், கெட்டிப்பட வேண்டிய வயதில் எலும்பு வலுவிழக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறதா? அப்படியென்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், பரிசோதிக்கும்வரை ஓடாதீர்கள். சாப்பாடு போதாமல் உடல் இப்படி அடங்கிப்போகும் நிலைக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே RED-S என்று தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வருகிறது. அவர்களுக்கு மாதவிலக்கு போல வெளிப்படையான அறிகுறி இல்லாததால் தாமதமாகத்தான் தெரியவரும்.

இரும்புச்சத்து மாத்திரையை யார் சொல்லி ஆரம்பித்தீர்கள்? உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அதை விழுங்காதீர்கள். ஊக்கம் தரும் பவுடரையும் நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரை போட்டால் மாதவிலக்கு வந்துவிடும் என்று தோழி சொன்னதும் வேண்டாம். ரத்தப்போக்கு வரும், ஆனால் எலும்பின் நிலைமை மாறாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள், அதுதான் ஆபத்து.

இந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஃபெரிட்டின் பார்ப்பார்கள். முதலாவதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள், மாதவிலக்கு நின்ற எல்லோரிடமும் அதில்தான் தொடங்குவோம்.

அணியில் இடம் போய்விடும் என்பதுதான் உங்கள் உண்மையான பயம், புரிகிறது. இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்தால் உடல்திறன் பெரிதாக இறங்காது. எலும்பு உடைந்தால் சீசன் முழுவதும் வெளியே உட்கார நேரும். பயிற்சியாளரிடம் நாளைக்கே சொல்லுங்கள், இன்றிரவே சாப்பிடுங்கள்.