இரண்டாம் முறை மார்பகக் குறைப்பு: முதலில் பழைய ஆபரேஷன் நோட்ஸைத் தேடுங்கள்

கேள்வி: 12 வருடங்களுக்கு முன் மார்பகத்தைக் குறைத்துக்கொண்டேன். இரண்டு பிரசவம், கூடவே 15 கிலோ எடை. பழைய சைஸும் தோள்வலியும் திரும்பி வந்துவிட்டன. மறுபடி செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முதல் தடவை மாதிரி நினைத்துவிடாதீர்கள். குறைப்பு சிகிச்சையில் முலைக்காம்பை மேலே ஏற்றும்போது, ஒரு பக்கத்துச் சதையோடு ஒட்டியே விட்டுவைப்பார்கள். பெடிக்கிள் என்பது அந்தச் சதைப் பாலம்தான். காம்புக்கு ரத்தம் போவது அதன் வழியாக. மற்ற பக்கத்து ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் அறுபட்டிருக்கும். உதாரணமாக, கீழ்ப்பக்கத்துப் பாலத்தை நம்பிப் பிழைத்த காம்பு என்று வையுங்கள். விஷயம் தெரியாத இன்னொரு சர்ஜன் அந்தப் பாலத்தையே வெட்டிவிட்டால் காம்பு கறுத்து அழுகிப்போகலாம்.

அதனால் பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்ஷனில், எந்தப் பக்கத்துப் பாலம் என்று தெரிந்துகொள்ள ஆபரேஷன் நோட்ஸ் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும், அது உதவாது. எடை குறைக்கும் எண்ணமோ அடுத்த குழந்தை ஆசையோ இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அந்த ஆஸ்பத்திரியையே மூடிவிட்டார்கள். தழும்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. ஒரே மாதிரி நங்கூர வடிவத் தழும்புக்குள் கீழ்ப்பாலமும் இருக்கலாம், மேல்பாலமும் இருக்கலாம். தோலை எப்படித் தைத்தார்கள் என்பதை மட்டும்தான் தழும்பு சொல்லும்.

கண்ணாடி முன் நின்று மார்பின் அடிமடிப்பில் விரலை வையுங்கள். காம்பு அந்த மட்டத்துக்கு மேலேயே இருக்கிறதா? இரண்டாம் முறை வருகிறவர்கள் பலருக்கு அப்படித்தான். காம்பு இருந்த இடத்தில் இருக்கும், சதைதான் கீழே சரிந்திருக்கும். அப்படியானால் காம்பை நகர்த்தாமல், பழைய தழும்பு வழியாகவே அடிச்சதையை ஆப்பு வடிவில் எடுத்து, பக்கவாட்டில் லைப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) செய்துவிடலாம். காம்பை நிறைய ஏற்ற வேண்டும், நோட்ஸும் இல்லை என்றால், காம்பைத் தனியாக எடுத்துத் தோல் ஒட்டுப் போல வைப்பது ஒரு வழி. உணர்ச்சியும் தாய்ப்பாலும் பெரும்பாலும் போய்விடும், நிறமும் வெளிறலாம். நானாக இருந்தால் கடைசியாகத்தான் அதைச் சொல்வேன்.

கேள்வி: வெறும் லைப்போசக்ஷன் போதாதா?

கொழுப்பு அதிகமென்றால் போதும், காம்புக்கும் ஆபத்து குறைவு. கெட்டியான பால்சுரப்பித் திசு உறிஞ்ச வராது. தொங்கலும் அவ்வளவாகச் சரியாகாது.

கேள்வி: மகளுக்கு 16 வயதில் செய்தோம். இரண்டே வருடத்தில் மறுபடி பெருத்துவிட்டது. சர்ஜன் செய்த தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பருவ வயதில் அளவுமீறிப் பெருக்கும் மார்பகத்தில், மிச்சம் வைத்த சுரப்பி ஹார்மோனுக்கு மறுபடி வளரக்கூடும். வளர்ச்சி நின்று அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஆபரேஷனை யோசியுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட்தான் பிடிக்கிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் அறவே கூடாது. நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். உங்கள் காம்புக்கு ரத்தம் போகும் வழிகள் ஒன்றிரண்டுதான் மிச்சம். நிக்கோடின் சூயிங்கமும் கணக்கில் சேரும்.