ஒரு நிமிட டீசரில் கதையை எவ்வளவு சொல்லலாம்?

திருகோணமலை மீனவர்களைப் பற்றிய உங்கள் குறும்படத்தின் டீசரில் கதையை எவ்வளவு சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லவே வேண்டாம், ஒரு கேள்வியை மட்டும் எழுப்பிவிட்டு நிறுத்துங்கள்.

1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் முன்னோட்டத்தில் வசனமே கிடையாது. விரிசல் விடும் ஒரு முட்டை, பதறி ஓடும் மனிதர்கள், நரம்பைச் சுண்டும் ஓர் அலறல் ஒலி, முடிவில் விண்வெளியில் கத்தினால் எவருக்கும் கேட்காது என்னும் ஒற்றை வரி. என்ன நடக்கிறதென்றே புரியாது. ஆனால் படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த அச்சத்தில் பெரும்பங்கு ஒலியுடையது என்பேன்.

ஆகவே கடன் வாங்கிய இசையை விடுங்கள். கோணேசர் மலையடியில் பாறையை அறையும் அலையை அதிகாலையில் நேரே சென்று பதிவுசெய்யுங்கள். பலரும் கைத்தொலைபேசியில்தான் பார்ப்பார்கள், அதனால் தொடக்கத்திலேயே ஒரு முகம் நெருக்கத்தில் வரட்டும். படத்தின் பெயருக்கு முன் ஒரு நொடி முழு மௌனம் வையுங்கள்.