கேளுங்க, சொல்றேன்

கேள்வி: ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட் வைசரிலிருந்து எதையோ உரித்து வீசுகிறார்களே, அது என்ன? என் பைக் ஹெல்மெட்டுக்கும் ஒட்டலாமா?
– கல்லூரி மாணவர், திருவள்ளூர்

அதன் பெயர் டேர்-ஆஃப், தம்பி. தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பெட் பிளாஸ்டிக், மெல்லிய தாளாக. வைசர், அதாவது ஹெல்மெட்டின் முன்கண்ணாடி, பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். கல் பட்டாலும் லேசில் உடையாது. ஆனால் மணலோடு சேர்த்துத் துடைத்தால் கோடு விழுந்துவிடும். முன்னால் போகிற காரிலிருந்து எண்ணெய், ரப்பர் துகள், போதாததற்குப் பூச்சி என்று எல்லாம் முகத்துக்கு நேரே வரும். கையுறையால் துடைத்தால் அழுக்கு இன்னும் பரவும். அதனால் துடைப்பதே இல்லை, மேல் தாளையே உரித்துவிடுகிறார்கள். மூன்று நான்கு தாள் இருக்கும். பிடித்து இழுக்கும் காதுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள், ஒரு இழுப்புக்கு ஒன்றுதான் வரவேண்டும் என்று.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வெளிச்சக் கணக்கு. பிளாஸ்டிக்கும் காற்றும் சந்திக்கிற ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 5 சதவீத வெளிச்சம் திரும்பிப் போய்விடும். தாளுக்கு இரண்டு பரப்பு. நாலு தாளை நடுவில் காற்றோடு அடுக்கினால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் நஷ்டம். ராத்திரியில் எதிர் விளக்கு இரண்டு மூன்றாகத் தெரியும். இடைவெளியைத் தெளிந்த பசை அடைத்துவிட்டால் அந்த நஷ்டம் அநேகமாக இல்லை. பந்தயக் கார்களின் முன்கண்ணாடிக்கு அப்படித்தான் அடுக்கி ஒட்டுகிறார்கள். அமெரிக்கக் கார் பந்தயங்களான நாஸ்காரிலும், 2020-இல் ஏரோஸ்கிரீன் என்கிற முன்தடுப்புக் கண்ணாடி வந்த இண்டிகாரிலும், வண்டி பிட்டில் (பந்தய நடுவே டயர் மாற்ற ஒதுங்கும் இடத்தில்) நிற்கும்போது ஒரு ஆள் மேல் தாளை உரித்துக்கொண்டு போவார்.

வீசி எறிவதில்தான் வம்பு. 2022 பெல்ஜியம் பந்தயத்தில் அப்படி ஒரு தாள் ஃபெராரி ஓட்டுநர் லெக்லேர் காரின் பிரேக் காற்றுக்குழாயில் போய் அடைத்து, அவர் சீக்கிரமே பிட்டுக்கு வரவேண்டியதாயிற்று. டிராக்கில் எறிவதைத் தடுக்க, பந்தய விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு 2016-இலேயே முயன்றது, இன்னும் எறிகிறார்கள்.

உங்களுக்கு? இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டினால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வேண்டாம், உரித்ததைப் பின்னால் வருகிறவர் முகத்திலா வீசுவீர்கள்? வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை வைசர் மேல் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள், பூச்சி ஊறித் தானாக வந்துவிடும். பெட்ரோல், தின்னர், அமோனியா கலந்த கிளீனர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாலிகார்பனேட் வெடிப்பு விடும்.

கேள்வி: மாடியில் போட பாலிகார்பனேட் ஷீட் வாங்கினோம். மேலே ஒட்டியிருக்கும் தாளை அப்படியே விட்டால் கீறாமல் இருக்குமே?
– இல்லத்தரசி, ஓசூர்

விடாதீர்கள் அம்மா. வெயிலில் பசை வெந்து, பிறகு உரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். வெயில் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று அந்தத் தாளில்தான் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து, அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க மாட்டச் சொல்லுங்கள். மாட்டி முடித்த அன்றைக்கே உரித்துவிடுங்கள்.