வண்ணத்துப்பூச்சிகள் மலையேறும் கதை

அன்புள்ள அக்கா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒன்றாகச் சுற்றுகிறவர்கள். இரண்டு வருஷமாக ஞாயிறு மதியம் டானிங்டன் பக்கம் ஒரு பேக்கரி மாடியில் கூடி அறிவியல் புனைவும் ஃபேன்டஸியும் படித்துப் பேசுகிறோம். சுஜாதாவின் ஜீனோவில் தொடங்கினோம், இப்போது ஆங்கிலத்திலும் படிக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், எங்களில் ஒருவன் இயற்பியல் வாத்தியார். எந்தக் கதையை எடுத்தாலும் "இது நடக்காது" என்று கணக்குப் போட்டு மூடிவிடுவான். போன மாதம் ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', இலங்கை மாதிரி ஒரு தீவின் மலையிலிருந்து விண்வெளிக்கு லிப்ட் கட்டும் கதை. "இலங்கை என்ன நிலநடுக்கோட்டிலா இருக்கு?" என்று ஒரே போடு. மந்திரவாதி கதை என்றால் போனை எடுத்து வைத்துக்கொள்வான். உர்சுலா லெ குவினை உயிராக நினைக்கும் தோழி ஒருத்தி கோபித்துக்கொண்டு இரண்டு வாரமாக வரவில்லை. அறிவியலுக்கு ஒரு வாரம், ஃபேன்டஸிக்கு ஒரு வாரம் என்று பிரித்துவிடலாமா?

பெயர் வேண்டாம் அக்கா, எல்லோரும் படிப்பார்கள்.

*

அன்புள்ள தம்பி,

பிரிக்காதீர்கள். பிரித்தால் ஒரு வாரம் வாத்தியார் வரமாட்டார், மறுவாரம் அந்தத் தங்கை வரமாட்டாள். வர்க்கி தின்ன ஆள் இருக்காது.

முதலில் கிளார்க். வாத்தியார் சொன்னது சரிதான். இலங்கை 6 முதல் 10 பாகை வடக்கே இருக்கிறது. ஆனால் அது அவர் பிடித்த பிழை இல்லை. தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தியதையும், மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கியதையும் கிளார்க்கே அந்த நூலில் சொல்லிவிடுகிறார். 1956 முதல் அந்தத் தீவிலேயே குடியிருந்த மனிதருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாதா?

ஏன் நகர்த்தினார் என்று கேட்டிருந்தால் அன்றைய மதியம் முழுக்கப் பேச்சு ஓடியிருக்கும். பேக்கரி மாடியிலிருந்தே காட்டலாம். எதிரே கூரைகளில் இருக்கும் டிஷ் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம், தென்கிழக்கு வாக்கில் முகம் திருப்பி நிற்கிறது, இல்லையா? நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில்தான் தானும் ஒரு சுற்று முடிக்கும். அதனால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்கிறது. அப்படி நிற்கும் கோள்களைத் தகவல் தொடர்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 1945இலேயே எழுதியவர் இதே கிளார்க்தான். அங்கிருந்து ஒரு கம்பியைக் கீழே இறக்கினால் அது தொடும் இடம் நிலநடுக்கோடு. விண்வெளிக்கு லிப்ட் கட்ட அவருக்குத் தனக்குப் பிடித்த மலைதான் வேண்டும், மலை அங்கே இல்லை, தீவையே இழுத்துவிட்டார். வாத்தியாருக்கு இது பிடிக்காமல் போக வழியே இல்லை.

இந்த நாவலை நாங்கள் நான்கு பேர் குன்னூரில் படித்தோம், 1990களில். ஒரே பிரதி, கை மாறிக் கை மாறி அட்டை போய்விட்டது. எங்களிடமும் உங்கள் வாத்தியார் மாதிரி ஒருவர் இருந்தார், வங்கி ஊழியர். கணக்கப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு லிப்ட் சம்மதம், கம்பி சம்மதம். நடுவில் பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை எட்டியதும், பழைய ஐதீகப்படி பிக்குகள் மடத்தைக் காலி செய்கிறார்களே, அது மட்டும் ஆகவில்லை. "இவ்வளவு கணக்குப் போட்டுட்டு, பூச்சியை வெச்சு மடத்தைக் காலி பண்றான் பாரு" என்றார். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

அன்று கூடியிருந்தது ஒரு நண்பனின் வீட்டில். தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த குடும்பம். அங்கேயும் தேயிலை, இங்கேயும் அரசுத் தோட்டத்தில் தேயிலை. அவன் அம்மா வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தபடி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளை என்று நாங்கள் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் திரும்பினார். தோட்டத்தில் பேர் போடுகிறவருக்கு அதுதான் பெயர். "எந்தத் தோட்டத்துக்கு?" என்று சிரித்தார். மகன் கதையைச் சொன்னான். பூச்சி வந்ததும் அம்மா தம்ளரைக் கீழே வைத்தார்.

"அது பாதமலைதானே? சீசன்ல கூட்டங்கூட்டமாப் போகும். சாமி கும்பிடப் போகுதும்பாங்க. போனது திரும்பாது."

கிளார்க்கின் மலைக்கு முன்மாதிரியான சிவனொளிபாதமலையைச் சிங்களத்தில் சமனலகந்த என்றும் சொல்வார்கள், வண்ணத்துப்பூச்சி மலை என்று பொருள். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. கிளார்க் பூச்சியைக் கற்பனை செய்யவில்லை, அந்த மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். ஆங்கிலம் படித்த நால்வருக்கும் புரியாத இடத்தை, புத்தகத்தையே தொடாத அம்மா ஒரு நிமிஷத்தில் விளக்கிவிட்டார்.

பிறகு அவரே கேட்டார்: "அந்த லிப்ட்டுல ஏறினா எங்க தோட்டம் தெரியுமா?"

யாரும் வாய் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளைதான் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்துப் பேனாவை எடுத்தார். "100 கிலோமீட்டர் ஏறினாலே சுத்திலும் 1,100 கிலோமீட்டருக்குக் குறையாமத் தெரியும்மா. அந்தத் தோட்டமும் தெரியும், இந்தத் தோட்டமும் தெரியும்." கொஞ்சம் யோசித்து, தீவு 800 கிலோமீட்டர் தள்ளிப்போயிருந்தால் 200 ஏற வேண்டியிருக்கும் என்று திருத்தினார். அந்த நாவலைப் பற்றி அவர் அதுவரை சொன்ன ஆயிரம் ஆட்சேபங்களில் ஒன்றும் எனக்கு நினைவில்லை. இந்தக் கணக்கு நினைவிருக்கிறது.

உங்கள் வாத்தியாரிடமும் கணக்கை நிறுத்தச் சொல்லாதீர்கள். கதைக்கு வெளியே நின்று போடுவதைக் கதைக்கு உள்ளே வந்து போடச் சொல்லுங்கள்.

மாயக்கதைக்கும் இதேதான். லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் முதல் நாவல் 1968இல் வந்தது. அங்கே ஒரு பொருளின், ஆளின் உண்மைப்பெயர் தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. ஆகவே யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. இதை மூடநம்பிக்கை என்று வாத்தியார் ஒதுக்கினால் என் பாட்டி கதையைச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் பாட்டி என் தோளைத் தட்டுவாள், நான்தான் தாத்தா பெயரைச் சொல்ல வேண்டும். தாத்தா போய்ப் பத்து வருஷம் ஆன பிறகும் அப்படித்தான். கடைக்காரர் பாட்டியைக் கேலி செய்ததே இல்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்பார். அந்த நாவலின் நாயகன் கெட் தன் தவறால் நொறுங்கிக் கிடக்கும்போது நண்பன் வெட்ச் தன் உண்மைப்பெயரை அவனிடம் சொல்கிறானே, அந்தக் கொடையின் எடை என்ன என்று எனக்கு ரேஷன் கடை வரிசையில்தான் பிடிபட்டது. இந்த விதியை லெ குவின் எங்கேயாவது மீறுகிறாரா என்று தேடும் வேலையை வாத்தியாரிடம் கொடுங்கள். ஓட்டை கண்டுபிடிப்பதில் அவருக்குத்தான் ருசி அதிகம்.

கோபித்துக்கொண்டு போன தங்கையை அழைத்து வர அவரையே அனுப்புங்கள். அடுத்த புத்தகம் அவள் தேர்வாக இருக்கட்டும். போன் மட்டும் கீழே பேக்கரி கல்லாவில் இருக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஐந்து பேர் என்றீர்கள். வாத்தியார், தங்கை, நீங்கள் போக மீதி இரண்டு பேர் இந்தச் சண்டையில் என்ன சொல்கிறார்கள்?