வாரன்ட்டை முன்கூட்டியே மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அமெரிக்க பயோடெக் வாரன்ட் (காலாவதிக்குள் குறித்த விலையைக் கட்டிப் பங்கு வாங்கும் உரிமை) ஒன்று வைத்திருக்கிறேன். கட்ட வேண்டிய மாற்று விலை 20 டாலர். பங்கு 30-ல் இருக்கிறது. காலாவதிக்கு இரண்டு ஆண்டு உண்டு. இப்போதே பங்காக மாற்றலாமா?

வேண்டாம். மாற்றினால் மிஞ்சுவது 10 டாலர். இரண்டு ஆண்டு மீதமுள்ள வாரன்ட் சந்தையில் 13, 14 டாலருக்குக்கூடப் போகும். மாற்றிய நிமிடமே அந்தக் கூடுதல் மதிப்பு போய்விடும். டிவிடெண்ட் தராத நிறுவனத்தின் பங்கை அவசரப்பட்டு வாங்கி என்ன பயன்? பணம் தேவையென்றால் வாரன்ட்டையே விற்றுவிடுங்கள்.

கேள்வி: 11.50 டாலர் வாரன்ட் இருக்கிறது. என்ன செய்யலாம்?

நிறுவனத்தின் பெயர் இல்லை, காலாவதி இல்லை, வாங்கிய விலையும் இல்லை. ஸ்பாக் (வேறொரு நிறுவனத்தை இணைத்துக்கொள்வதற்கென்றே தொடங்கப்படும் வெற்று நிறுவனம்) வழியாகச் சந்தைக்கு வந்த பெரும்பாலான நிறுவனங்களின் மாற்று விலை இதுதான். இதை வைத்து நான் எதைச் சொல்வது? வாரன்ட் ஒப்பந்தத்தை எடுத்து மீட்புப் பிரிவைப் (நிறுவனம் வாரன்ட்டைச் சொற்ப விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதி) படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: மீட்பு அறிவிப்பு வந்ததே எனக்குத் தெரியாது. வாரன்ட்டுக்குச் சில்லறைதான் கிடைத்தது. இது மோசடி இல்லையா?

இல்லை. ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் செய்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. கசாவா சயின்சஸை எடுத்துக்கொள்ளுங்கள். அல்சைமர் நோய்க்கான சிமுஃபிலம் மருந்தைச் சோதித்துவந்த நிறுவனம். 2024 ஜனவரியில் 10 பங்குக்கு 4 வாரன்ட் என்று பங்குதாரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 33 டாலர் கட்டினால் ஒன்றரைப் பங்கு. அதாவது ஒரு பங்கு 22 டாலர். காலாவதி நவம்பர் என்று பலரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் ஏப்ரல் நடுவிலிருந்து மீட்கும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தது. அது மே 7-ஐக் கெடுவாக வைத்தது. பங்கு 24 டாலர் என்றால் வாரன்ட்டின் மதிப்பு 3 டாலர். கெடுவைத் தவறவிட்டவருக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு!

மீட்பு அறிவிப்பு வந்துவிட்டால் முதல் பதிலில் நான் சொன்னது செல்லாது. காத்திருப்பதற்கான மதிப்பு அதோடு தீர்ந்தது. விற்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. தரகு நிறுவனங்களின் கெடு, நிறுவனம் அறிவித்த நாளுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். அறிவிப்பைப் படியுங்கள், தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வரப்போகிறது. அதற்கு முன் மாற்றிவிடுவது நல்லதா?

கட்டாயம் இல்லாதவரை மாற்றாதீர்கள். முடிவு கெட்டால் வாரன்ட்டின் விலை மட்டும் போகும். மாற்றியிருந்தால் கட்டிய பணமும் சேர்ந்து போகும். அதே கசாவாவில் மே மாதம் மாற்றியவுடன் பங்கை விற்றவர்கள் தப்பினார்கள். வைத்திருந்தவர்கள், நவம்பர் 25 அன்று மருந்து பலன் தரவில்லை என்ற செய்தி வந்ததும் ஒரே நாளில் 80 சதவீதத்துக்கு மேல் இழந்தார்கள்.

கேள்வி: மாற்று விலை கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும் முன்பணம் கட்டிய வாரன்ட்டுகளைப் பெரிய நிதி நிறுவனங்கள் மாற்றாமல் வைத்திருப்பது ஏன்? நம்பிக்கை இல்லையா?

நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாற்றியபின் நிறுவனப் பங்குகளில் ஒருவரின் கையிருப்பு 9.99 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற தடை பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால், ஆறு மாதத்துக்குள் வாங்கி விற்ற லாபத்தை நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டிவரும்.