திருவெண்காட்டுச் சாமிக்கு டிக்கெட்டா?

கேள்வி: தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டுச் சாமியையும் அம்பாளையும் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். பூஜை இல்லை, விளக்கு இல்லை. சாமி என்ன காட்சிப் பொருளா? எல்லாவற்றையும் அந்தந்தக் கோயிலுக்கே அனுப்பிவிட்டு அந்த இடத்தை மூடினால் என்ன?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: மூடக் கூடாது. உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபம் தவறான வாசலில் போய் நிற்கிறது.

நீங்கள் சொல்லும் திருவெண்காட்டுச் சாமி ரிஷபவாகனர், அதாவது காளையின் மேல் சாய்ந்து நிற்கும் சிவன். அவரை யாரும் சந்நிதியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரவில்லை. மண்ணுக்குள் கிடந்தவர் அவர். ஆபத்துக் காலத்தில் செப்புத் திருமேனிகளைக் குழி வெட்டிப் புதைத்துக் காப்பாற்றுவது இங்கே வழக்கம். புதைத்த இடம் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு எப்போதாவது கடப்பாரை படும்போதுதான் வெளியே தெரியும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. சோழர் காலத் திருமேனிகள் பல அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். அந்தச் சட்டம் இல்லாமல் போயிருந்தால் அவற்றில் எத்தனை பாத்திரக் கடையில் உருகியிருக்குமோ!

அந்தக் கலைக்கூடம் பிறந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1951இல், கரந்தட்டாங்குடியில் இருந்த பிரம்மன் சிலையைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. அப்போது கலெக்டராக இருந்த டி.கே.பழனியப்பன் அந்தச் சிலையை அரண்மனைக்குக் கொண்டுவந்து வைத்தார். மாவட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த மற்றச் சிலைகளும் பின்னாலேயே வந்தன. ஆக, 'எங்கள் ஊர்ச் சாமி வெளியூர் போகக் கூடாது' என்று உங்களைப் போலவே சண்டை போட்டவர்களால் உண்டான இடம் அது. அதைத்தான் மூடச் சொல்கிறீர்கள்.

சரி, பூஜை இல்லையே என்கிறீர்கள். கோயிலில் உற்சவருக்குப் பட்டும் மாலையும் சாத்திய பிறகு நமக்குத் தெரிவது முகமும் கையும்தான். அது வழிபாட்டுக்கு உரிய அழகு, குறை சொல்லவில்லை. ஆனால் 1011இல் வார்த்த அந்த ரிஷபவாகனரைத் தஞ்சையில் நின்று பாருங்கள். சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிக் கட்டியிருக்கிறார். சுற்றுக்கு நடுவே பாம்பு. ஒரு காலைக் குறுக்கே மாற்றிப் போட்டு, காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனாலும் அந்தக் கையின் தளர்வில் காளையின் உயரம்கூடத் தெரிகிறது. உலோகத்தை இப்படிச் சாய்ந்து நிற்கவைத்த ஸ்தபதி யாரென்று நமக்குத் தெரியாது. அவர் செய்த வேலையை முழுசாகப் பார்க்க இந்த ஒரு கூடம்தான் இருக்கிறது.

யார் பார்க்கலாம் என்பது இன்னும் முக்கியம். நம் ஜனங்களில் ஒரு பெரும் பகுதியைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தோம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர்கள் நுழைந்தது 1939 ஜூலையில். மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். அதற்கு நாலே வருஷம் கழித்து, எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் அதே சாமிக்குக் கையெட்டும் தூரத்தில், எவ்வளவு நேரமானாலும் நிற்கலாம் என்று ஒரு கூடம் திறந்தது. இதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியவில்லை. நீங்கள் சொல்லும் டிக்கெட்டை வாங்கினால் போதும். அங்கே யாரும் யாரிடமும் 'நீ யார்' என்று கேட்பதில்லை.

திருட்டுப் போன சிலைகளின் கதை வேறு. அவை திரும்பத்தான் வேண்டும். ஆனால் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானை நினைத்துப் பாருங்கள். பூட்டியே கிடந்த கோயிலில் 2006இல் நடராஜர் திருட்டுப் போனார். சிலைகளைப் பாதுகாப்பாக வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று 2008இல் அதிகாரிகள் போய்த் திறந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அதற்குள் அவர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தார். 2014இல்தான் இந்தியா திரும்பினார். விளக்கேற்ற ஆள் இல்லாத கோயிலுக்குச் சாமியைத் திருப்பி அனுப்பச் சொல்பவர்கள், விளக்கேற்றுவது யார், காவலுக்கு இருப்பது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். தாராசுரத்துக் கற்சிலைகள் மண்ணுக்குள் கிடந்தவை அல்ல. யானையை உரித்த சிவனும், பிச்சை எடுக்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனரும், அவரைப் பார்த்து மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகளும் தஞ்சையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கோயில் தாராசுரத்தில் முழுசாக நிற்கிறது, உலகப் பாரம்பரியச் சின்னமாக வேறு. சிலைகளைத் திருப்பி வைப்பதா வேண்டாமா என்று தொல்லியல் அறிஞர்கள் உட்கார்ந்து பேசட்டும். அதுவரைக்கும் தாராசுரத்தில் அந்தச் சிலைகளின் படங்களை மாட்டி, 'இவை தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளன' என்று தமிழில் ஒரு பலகை வைக்கலாமே? அதேபோல் திருவெண்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வருஷம் ஒரு தடவை பஸ் பிடித்துத் தஞ்சைக்கு அழைத்துவந்து, தங்கள் ஊர்ச் சாமியைக் காட்டலாம். இந்த இரண்டையும் கேட்டு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.