வெயிலோ மழையோ, குழந்தைக்கு என்ன உடுத்தலாம்?

கோலாலம்பூரில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் பணியாற்றிய தாதி ஒருவர், இளந்தாய்மார்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

செந்தூல்: அக்கா, ஒரு மாத மகனுக்கு மாமியார் வீட்டுக்குள்ளேயே தொப்பி, கையுறை, காலுறை போட்டு, மேலே துணியும் சுற்றிவிடுகிறார். கை கால் சில்லென்று இருக்கிறதாம்.

கை கால் சில்லென்று இருப்பது பச்சிளங்குழந்தைக்கு இயல்பு. இரண்டு விரல்களைச் சட்டைக் கழுத்துக்குள் விட்டுப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் சரி. பிசுபிசுத்தால் ஒரு துணியைக் கழற்றிவிடுங்கள். குழந்தையின் உடற்சூடு தலை வழியாக நிறைய வெளியேறும். தொப்பி அந்த வழியை அடைக்கிறது. உறக்கத்தில் உடம்பு மிகவும் சூடாவது, திடீர்க் குழந்தை மரணத்துக்கான அபாயங்களில் ஒன்று. பகலில் 33 பாகையைத் தொடும் ஊரில் நான் அஞ்சுவது புழுக்கத்துக்குத்தான், குளிருக்கு அல்ல. மாமியாரோடு வாதாட வேண்டாம்; அவர் விரலையே பிடரியில் வைத்துக் காட்டுங்கள்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு: கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. பவுடர் போடலாமா?

வேண்டாம். தூள் மூச்சோடு உள்ளே போகும், வியர்வையில் குழைந்து மடிப்புகளில் படியும். பாலியஸ்டர் கலந்த சட்டைகளை ஒதுக்குங்கள். லிட்டில் இந்தியாவில் துணி வாங்கும்போது வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் வைத்த உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி வீட்டில் இருந்தால் அதைக் கிழித்துத் தைத்த சட்டைக்கு ஈடு எந்தக் கடையிலும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ்: அக்காள் பிள்ளையின் உடைகளை அம்மா அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்கு உடுத்தலாமா?

தயவுசெய்து உடுத்தாதீர்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவி துணியில் ஊறிவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சள் காமாலை ஏறும். முற்றினால் மூளையைத் தாக்கும். இதற்காகத்தான் நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த நொதியைச் சோதிக்கிறார்கள். எண்ணெய் தேய்த்த உடம்பில் நாப்தலீன் இன்னும் எளிதாக ஊறும் என்பதால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. ஒருமுறை துவைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். சோதனை முடிவு நன்றாக வந்தாலும் என் பதில் இதுதான். புதிதாக நான்கு பருத்திச் சட்டைகள் போதும். குழந்தை வந்தபின் அலமாரியிலும் அந்துருண்டை வேண்டாம். கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தாலும், சிறுநீர் கருத்துப் போனாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கெப்போங்: நவம்பர் மழையில் துணி காய்வதில்லை.

தடித்த துணிகளைக் குறைத்து மெல்லியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, தையல் ஓரங்களை இஸ்திரி போடுங்கள். ஈரவாடை அடித்தால் போடவே வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜாம்: ஏழு மாத மகளோடு கேமரன் மலைக்குப் போகிறோம். என்ன எடுத்துப் போவது?

அங்கே இரவில் 15, 16 பாகைவரை இறங்கும். ஒரே தடித்த உடையைவிட, பருத்திப் பனியன், முழுக்கைச் சட்டை, கம்பளிச் சட்டை என்று அடுக்கினால் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காரில் மட்டும் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுங்கள். 2020 முதல் குழந்தை இருக்கை கட்டாயம்; ஆனால் தடித்த உடைக்கு மேல் மாட்டிய பெல்ட் மோதலின்போது தொளதொளத்துவிடும். பெல்ட்டை உடம்போடு ஒட்ட மாட்டி, அதன் மேல் கம்பளிச் சட்டையைப் போர்த்துங்கள். இரவில் தளர்ந்த போர்வை வேண்டாம், முகத்தை மூடிவிடும். உறக்கப் பை வாங்குங்கள்.

பத்துமலை: தைப்பூசத்துக்குப் பட்டுப் பாவாடை கட்ட ஆசை.

கட்டுங்கள், அழகாக இருக்கும். ஜரிகை உறுத்தாமல் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். கூட்டத்தில் 272 படிகளையும் பருத்திச் சட்டையோடு ஏறிவிட்டு, குகைக்குள் போனபின் பாவாடையைக் கட்டுங்கள்.